அப்பாவுக்கு வழி மறந்துவிட்டது: மூளை ஏன் தேய்கிறது, தடுக்க வழி உண்டா?

1. கொருக்குப்பேட்டை மகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனார். அறுபது ஆண்டுகளாகப் போய்வருகிற இடம். எட்டு மணிக்குத் திரும்பவேண்டியவர் பதினொன்று ஆகியும் வரவில்லை. தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு தேடியதில், ராயபுரம் மணிக்கூண்டுக்கு அருகே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அது வீட்டுக்கு வரும் வழியே அல்ல. கையில் பை இருந்தது. பையில் மீன் இல்லை, மூன்று கட்டு கொத்தமல்லி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நம் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டால் சிரிக்கமாட்டாயே?" என்றார்.

வயது 83. மில்லில் தறிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் வேலை. அந்தச் சத்தத்தில் காது போனதுதான் மிச்சம். ரத்த அழுத்த மாத்திரை உண்டு. நினைவு வந்தால் போட்டுக்கொள்வார். 1949 செப்டம்பரில் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் அண்ணா பேசியபோது தன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்ததை, பக்கத்தில் நின்றவரின் குடைக் கம்பி கன்னத்தில் குத்தியது வரைக்கும் சொல்வார். காலையில் இட்லி சாப்பிட்டதைச் சொல்லமாட்டார்.

வயதானால் இப்படித்தான் என்கிறான் தம்பி. பெரியம்மா அலுமினியப் பாத்திரத்தைத் தூக்கி எறியச் சொல்கிறார். எனக்கு 51 ஆகிறது. பீரோ சாவியைத் தேடும்போதெல்லாம் எனக்கும் தொடங்கிவிட்டதோ என்று வயிற்றைக் கலக்குகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. ஓய்வுபெற்ற செவிலி

தங்கையே, சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது மறதி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று யோசிப்பதுதான் நோய். உங்களைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாதீர்கள்.

அப்பாவை இந்த வாரமே நரம்பியல் பிரிவில் காட்டுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். "வயதானால் இப்படித்தான்" என்ற சொல்லை நம்பி மூன்று, நான்கு ஆண்டுகள் வீட்டிலேயே வைத்திருந்துவிட்டு, பிறகு அழைத்துவருகிற குடும்பங்களை நான் பணியில் இருந்த காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். மறதி என்று வருகிற எல்லாமே மூளைத் தேய்வு அல்ல. பி12 குறைந்தாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும் நினைவு மங்கும். மனச்சோர்வும் முதியவர்களிடம் மறதியின் வேஷம் போட்டுக்கொண்டு வரும். இவற்றுக்கெல்லாம் மருந்து இருக்கிறது.

இன்னொன்று கேட்கவேண்டும். கடந்த இரண்டு, மூன்று மாதங்களில் குளியலறையில் வழுக்கி விழுந்தாரா? தலையில் லேசாக இடித்துக்கொண்டாரா? முதியவர்களுக்கு மண்டை ஓட்டுக்கு உள்ளே ரத்தம் மெதுவாகக் கசிந்து, வாரக்கணக்கில் சேர்ந்து மூளையை அழுத்தும். அன்று எழுந்து நடந்திருப்பார், வீட்டில் மறந்தே போயிருப்பார்கள். ஸ்கேனில் தெரிந்துவிடும், ரத்தத்தை வெளியேற்றியதும் ஆள் பழையபடி பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

3. தங்கசாலை பாத்திரக்கடை

அலுமினியத்தைப் பற்றி நான் பேசினால், விற்கிறவன் வேறு எப்படிப் பேசுவான் என்பீர்கள். பரவாயில்லை. வாரத்துக்கு ஒருவராவது கல்லாவுக்கு எதிரில் நின்று கேட்பதால் இதைத் தோண்டித் தோண்டிப் படித்திருக்கிறேன்.

1965-இல் முயல்களின் மூளைக்குள் அலுமினிய உப்பைச் செலுத்திப் பார்த்தார்கள். நரம்பணுக்களில் இழைமுடிச்சுகள் தோன்றின. மூளை தேய்ந்து மறதி முற்றும் அல்சைமர் நோய் வந்தவர்களின் மூளையிலும் முடிச்சுகள் உண்டு என்பதால் பயம் பிறந்தது. ஆனால் முயலுக்கு வந்த முடிச்சின் கட்டமைப்பு வேறு, மனிதனுக்கு வருவது வேறு என்று பின்னால் தெரிந்தது. 1970-களில் டயாலிசிஸ் செய்துகொண்ட சிலருக்கு, அதற்குப் பயன்படுத்திய தண்ணீரில் இருந்த அலுமினியத்தால் மூளை கெட்டது உண்மைதான். அது நேராக ரத்தத்தில் கலந்தது. சோறு வடிக்கும் குண்டானால் அல்சைமர் வருகிறது என்று இன்றுவரை யாரும் நிறுவவில்லை.

புளிக்குழம்பை அதில் வைக்காதீர்கள் என்று நானே சொல்வேன். புளி உலோகத்தைக் கரைக்கும், பாத்திரம் கறுக்கும், குழம்பும் கெடும். பெரியம்மா எறியச் சொன்னால் எறிந்துவிடுங்கள், வியாபாரம் எனக்கு. அப்பாவின் மறதிக்கு அது மருந்தாகாது.

4. எண்ணூர்க்காரன்

பாத்திரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், காற்றைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மணலி பக்கம் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை. அத்திப்பட்டில் அனல்மின் நிலையம். துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகள். மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியை மாலையில் எடுத்தால் கைவிரல் தடம் கறுப்பாகப் பதிகிறது. 2.5 மைக்ரானுக்குக் குறைவான துகள் நுரையீரலோடு நிற்பதில்லை. 2016-இல் மெக்சிகோ நகரிலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்தவர்களின் மூளைத் திசுவில், எரிபொருள் சூட்டில் உருவாகும் காந்தத் தாதுத் துகள்களைக் கண்டெடுத்தார்கள். காலையில் நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று எல்லோரும் சொல்வீர்கள். எந்தக் காற்றில் நடப்பது?

5. நரம்பியல் மாணவன்

மேற்படிப்பு படிக்கும் மருத்துவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எண்ணூர் அண்ணன் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் மூளையில் துகள் கிடந்தது என்பதும், நோயை அதுதான் உண்டாக்கியது என்பதும் ஒன்றல்ல. மறதி நோயைத் தடுப்பது பற்றி 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017-இல் ஒன்பது காரணிகளைச் சொன்னது. 2020-இல் அவை பன்னிரண்டாயின; காற்று மாசு அப்போதுதான் சேர்ந்தது. 2024-இல் பதினான்கு. இவை அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் மறதி நோயில் சுமார் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. அதில் காற்று மாசின் பங்கு 3 விழுக்காடு. நடுவயதில் கெட்ட கொழுப்புக்கு 7, காது கேளாமைக்கு 7. ஆம், காதுதான். தறிக்கூடம் என்று முதல் பதிவில் படித்ததுமே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

காது மந்தமானால், சொல்லைப் பிடிப்பதற்கே மூளை தன் சக்தியைச் செலவழிக்கிறது. நினைவில் வைக்க மிச்சம் இருப்பதில்லை. ஆளும் ஒதுங்கிப்போகிறார். கேட்காதவரிடம் யார் பேசுகிறார்கள்? 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் முதியவர்களுக்குச் செவித்துணைக் கருவி கொடுத்து மூன்றாண்டுகள் கவனித்தார்கள். ஏற்கெனவே ஆபத்து அதிகம் உள்ள பிரிவினரிடம் நினைவுத் திறன் சரிவது ஏறக்குறையப் பாதியாக மட்டுப்பட்டது. ஆரோக்கியமாக இருந்தவர்களிடம் வித்தியாசம் தெரியவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான்: உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, அளவு மீறிய குடி, உடல் பருமன், உட்கார்ந்தே கிடப்பது, மனச்சோர்வு, தலைக்காயம், தனிமை, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவு. சிறு வயதில் பள்ளிக்கூடம் கிடைக்காததும் ஒரு காரணி. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். நம் பாட்டிகளை எந்த வகுப்போடு நிறுத்தினார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நோய்க்குள் என்ன நடக்கிறது என்றால்: 1906-இல் அலோயிஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர், இறந்துபோன தன் நோயாளியின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, அணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும் உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளையும் விவரித்தார். திட்டுகள் அமிலாய்டு, இழைகள் டாவ் என்ற புரதம் என்பது பல பத்தாண்டுகள் கழித்துத் தெரிந்தது. வீட்டில் இருப்பவர்கள் கவனிப்பதற்குப் பத்து, இருபது ஆண்டுகள் முன்பே அந்தப் படிவு தொடங்கிவிடுகிறது. நாற்பது வயதில் ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்வது அதனால்தான். எண்பதில் பார்ப்பதும் நல்லதுதான், ஆனால் வீடு பாதி எரிந்த பிறகு வருகிற தண்ணீர் லாரி அது.

6. கொருக்குப்பேட்டை மகள்

இந்த 45-ஐப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. அப்பாவுக்குப் பத்தாண்டுகள் முன்பே காது பார்த்திருந்தால், மாத்திரையை நான் கையில் எடுத்துக் கொடுத்திருந்தால், இது வந்திருக்காதா?

7. நரம்பியல் மாணவன்

அப்படிப் படிக்காதீர்கள் அக்கா. என் எழுத்தின் குறை அது. 45 என்பது ஊருக்குப் போட்ட கணக்கு. ஒருவருக்கு வந்த நோய்க்கு இதுதான் காரணம் என்று அதிலிருந்து விரல் நீட்ட முடியாது. மீதி 55-இல் வயதும் மரபும் நாங்கள் இன்னும் அறியாதவையும் இருக்கின்றன. எல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் வருகிறது. பெற்றோருக்கு முதுமையில் வந்தால் பிள்ளைக்குக் கட்டாயம் வரும் என்பதும் இல்லை. ஒற்றை மரபணுவால் தலைமுறை தவறாமல் இறங்கும் வகை மிக அரிது, அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும்.

8. காசிமேட்டுக் கையுறை

தலைக்காயம் என்று ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள் டாக்டர் தம்பி. அதை நான் சொல்கிறேன்.

வடசென்னையில் குத்துச்சண்டை எங்களுக்குச் சாமி மாதிரி. எனக்குக் கற்றுக்கொடுத்த வாத்தியார் அறுபத்தைந்து வயதில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் நிற்பதைப் பார்த்தேன். நான் போட்டுவிடப் போனால் கையைத் தட்டிவிட்டார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பொத்தானைத் துளைக்கு நேராகக் கொண்டுபோய், ஐந்து முறை தவறி, ஆறாவது முறை நுழைத்தார். அந்தக் கை என் தாடையில் இறங்கியபோது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

1928-லேயே ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், அடி வாங்கி அடி வாங்கித் தள்ளாடும் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி எழுதிவிட்டார். 1980-இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடினார். எங்கள் பேட்டையே திரண்டு போனது. நான்கே ஆண்டுகளில், 42 வயதில், அவருக்குப் பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம், என்றார்கள். அடியால்தான் வந்தது என்று அவர் விஷயத்தில் அடித்துச் சொல்ல முடியாதாம், அதைப் பற்றி மருத்துவர்களிடையே வாதம் உண்டு. ஆனால் மயங்கி விழவைக்கும் ஓர் அடியைவிட, விழவைக்காத ஆயிரம் அடிகள் சேர்ந்துதான் மூளையைக் கெடுக்கின்றன என்பதில் இப்போது பெரிய சந்தேகம் இல்லை.

தலைக்கவசம் போட்டால் போதும் என்பார்கள். கவசம் புருவம் கிழியாமல் காக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை நிறுத்தாது. என்னிடம் வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலைக்குக் குத்து கிடையாது. குத்துப்பையும் காலடியும் நிழல் சண்டையும்தான். இரண்டு அப்பாக்கள் இது என்ன பயிற்சி என்று பையன்களை வேறு இடத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். போகட்டும்.

9. எம்.சி. ரோடு மருந்தாளர்

பொத்தான் என்றதும் எங்கள் தெரு அம்மா ஒருவர் ஞாபகம் வந்தது. 70 வயது. கை நடுக்கம், முகத்தில் அசைவில்லை, காலைத் தேய்த்துத் தேய்த்து நடை. நடுக்குவாதம் வந்துவிட்டது என்று வீடே முடிவு கட்டிவிட்டது. மாத்திரைப் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். எப்போதோ தலைசுற்றலுக்கு ஒரு வாரம் போடச் சொன்ன சின்னரிசின், மூன்று ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. பழைய சீட்டைக் காட்டிக் காட்டி வாங்கியிருக்கிறார்கள். கொடுக்கிற கடையும் கொடுத்திருக்கிறது. என் தொழிலின் வெட்கம் இது.

உடம்பின் அசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் போய் உட்காரவேண்டிய இடத்தைச் சில மருந்துகள் அடைத்துக்கொள்ளும். சின்னரிசின், ஃப்ளூனரிசின், வாந்திக்குத் தருகிற மெட்டோகுளோபிரமைடு, வாயுத் தொல்லைக்கான மாத்திரையோடு சேர்ந்து வருகிற லெவோசல்பிரைடு எல்லாம் இந்த வகை. டோபமைன் குறையாமலே குறைந்த மாதிரி உடம்பு நடுங்கும். மருத்துவர் நிறுத்தச் சொன்ன பிறகு அந்த அம்மாவுக்கு நடை தேற ஐந்து மாதம் ஆயிற்று. எல்லோருக்கும் முழுதாகத் தேறும் என்று சொல்லமாட்டேன். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஆனால் மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்துப் பொட்டலங்களையும்கூட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்.

10. மூலிகைத் தோழன்

நாட்டு மருந்து என்றாலே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்களே. பூனைக்காலி விதையை நடுக்கத்துக்கு நம் முன்னோர் கொடுத்திருக்கிறார்கள். வல்லாரையும் மஞ்சளும் மூளைக்கு நல்லவை. இதையெல்லாம் சொல்லாமல் வெள்ளைக்காரன் கணக்கையே படித்துக்கொண்டிருந்தால் எப்படி?

11. நரம்பியல் மாணவன்

பூனைக்காலி விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். 1937-இல் நம் சென்னையிலேயே, பல்கலைக்கழக உயிர்வேதியியல் கூடத்தில், தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் முதன்மையான மருந்து அதுதான். அந்த நோயில் நடுமூளையில் டோபமைன் சுரக்கும் அணுக்கள் பாதிக்கு மேல் அழிந்த பிறகே நடுக்கம் வெளியே தெரிகிறது. லெவோடோபா உள்ளே போய் டோபமைனாக மாறி இட்டு நிரப்புகிறது. சிக்கல் அளவில்தான். ஒரு பிடி விதைப்பொடியில் எவ்வளவு மருந்து என்று யாருக்குத் தெரியும்? ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர் பொடியும் சேர்த்தால் கை கால் தன்போக்கில் முறுக்கிக்கொண்டு ஆடும்.

மஞ்சளைக் குழம்பில் போடுங்கள். மனிதர்களிடம் செய்த சோதனைகளில் மறதி நோயை அது தடுத்ததாக உறுதிப்படவில்லை. வல்லாரைத் துவையல் எனக்கும் பிடிக்கும்.

ஒன்றைத் தனியாகத் தூக்கிப் பிடித்தால் ஏமாற்றம்தான். ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயதுக்குள் ஆபத்து அதிகமுள்ள 1,260 பேரைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, ரத்த அழுத்தக் கண்காணிப்பு நான்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. இரண்டாண்டுகளில் அவர்களின் நினைவுத் திறன் மற்றப் பாதியைவிட மேலாக இருந்தது. அதற்காகச் சுடோகு வாங்கிவந்து முதியவர்களை மிரட்டாதீர்கள். நம் தெருமுனை கேரம் போர்டு போதும். அதில் கணக்கும் உண்டு, வம்பும் உண்டு, நான்கு பேரின் குரலும் உண்டு.

12. ஓய்வுபெற்ற செவிலி

மாத்திரை பற்றி ஒன்று. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து வீட்டு வாசலுக்கே வருகிறது. வாய்க்குள் போகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா மூன்று மாத மாத்திரையைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக அடுக்கி வைத்திருந்தார். கேட்டால், "நன்றாகத்தானே இருக்கிறேன், உடம்பு சரியில்லாதபோது போடலாம் என்று வைத்திருக்கிறேன்" என்றார். ரத்த அழுத்தம் வலிக்காது. அதுதான் அதன் சூழ்ச்சி.

மகளே, முதியோர் உதவி எண் 14567-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். அப்பா வெளியே போடுகிற ஒவ்வொரு சட்டையின் உட்பையிலும் உங்கள் தொலைபேசி எண்ணைத் துணியில் எழுதித் தைத்துவிடுங்கள். அட்டை போட்டால் எடுத்து வைத்துவிடுவார்கள்.

13. கொருக்குப்பேட்டை மகள்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஸ்கேன் எடுத்தோம். ரத்தக் கசிவு இல்லை. மூளை சுருங்கியிருக்கிறது, சிறிய ரத்தக்குழாய்கள் அடைபட்ட பழைய தழும்புகளும் இருக்கின்றனவாம். அல்சைமரும் ரத்த ஓட்டக் குறைவும் கலந்த நிலை என்றார் மருத்துவர். பி12-உம் குறைவு, ஊசி தொடங்கியிருக்கிறது. அதனால் கொஞ்சம் தெளிவு வரலாம், முழுதாகத் திரும்பாது என்பதை ஒளிக்காமல் சொன்னார். டோனெபெசில் என்ற மாத்திரை எழுதியிருக்கிறார். நோயை நிறுத்தாது, சில காலம் தாங்கிப் பிடிக்கும் என்றார்.

காதில் முதலில் அழுக்கை எடுத்தார்கள், பிறகு கருவி. முதல் நாள் கழற்றி எறிந்தார். இரண்டாம் நாள் குக்கர் விசில் கேட்டுத் திடுக்கிட்டார். அன்று இரவு கொருக்குப்பேட்டை நிலையத்தைத் தாண்டி ஒரு சரக்கு ரயில் போயிற்று. பாயில் எழுந்து உட்கார்ந்து, "கூட்ஸ் இன்னும் ஓடுகிறதா?" என்றார். அவர் நின்றுவிட்டது என்றே நினைத்திருக்கிறார். பெட்டிகளை எண்ணத் தொடங்கினார். நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டது.

அப்பாவுக்குப் பார்த்த கையோடு எனக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். 152-க்கு 96. எனக்கு ஒன்றும் செய்யவில்லை, தலைவலிகூட இல்லை. செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

14. தங்கசாலை பாத்திரக்கடை

நல்லது அம்மா. கேட்கவேண்டும் என்று நினைத்தேன், அந்தக் கொத்தமல்லி எதற்கு என்று தெரிந்ததா?

15. கொருக்குப்பேட்டை மகள்

கேட்டேன் ஐயா. அம்மா வாங்கிவரச் சொன்னாராம். அம்மா இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. நான் அதைச் சொன்னதும் அன்றுதான் கேள்விப்பட்டவர் மாதிரி அழுதார். மறுநாள் மறுபடி கேட்டார். செவிலி அக்கா, இதற்கு என்ன சொல்லவேண்டும்?

16. ஓய்வுபெற்ற செவிலி

திருத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதிய சாவு. "அம்மாவுக்குக் கொத்தமல்லித் துவையல் என்றால் உயிராயிற்றே, எப்படி அரைப்பார்?" என்று கேளுங்கள். சொல்லத் தொடங்குவார். நீங்கள் அரைத்துக்கொண்டே கேளுங்கள்.